கடலை மிட்டாய் கடை வெப்சைட் கூகுள்ல ஏன் வரல?

கோவில்பட்டிலேர்ந்து ஒரு அண்ணாச்சி எழுதியிருக்கார். அப்பா காலத்துலேர்ந்து கடலை மிட்டாய் கடை, பையன் சொன்னான்னு வெப்சைட் போட்டு 14 மாசம் ஆச்சாம், "கோவில்பட்டி கடலை மிட்டாய்"னு கூகுள்ல தேடினா யார் யாரோ வர்றாங்க, நம்ம கடை மட்டும் வரவே மாட்டேங்குது. இப்போ ஒரு ஏஜென்சிக்காரர் போன் மேல போன் போட்டு 35,000 ரூபா கட்டுங்க, 30 நாள்ல முதல் இடம் கேரண்டிங்கறாராம். "கட்டலாமா, இல்ல வெப்சைட்டையே இழுத்து மூடிடலாமா?" இதான் கேள்வி.

கட்டாதீங்க. மூடவும் வேண்டாம்.

முதல் இடம் தர்றேன்னு யாராலயும் கேரண்டி குடுக்க முடியாதுன்னு கூகுளே தன்னோட உதவிப் பக்கத்துல எழுதி வெச்சிருக்கு. ஒழுங்கா வேலை பண்ணாலும் பலன் தெரிய பெரும்பாலும் 4 மாசத்துலேர்ந்து ஒரு வருஷம் ஆகும்னும் அங்கயே இருக்கு. அப்புறம் இவர் எந்த ஊர்ல 30 நாள் கணக்கு படிச்சார்னு தெரியல. அவர் திரும்ப கூப்பிட்டா ஒரே ஒரு கேள்வி கேளுங்க, "எந்த வார்த்தைக்கு முதல் இடம்?" அங்க தான் சூட்சுமமே இருக்கு. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் சிவகாசிப் பக்கம் பிரிண்டிங் வெச்சிருக்கார், இப்படித்தான் 40,000 கட்டினார், மூணு மாசம் கழிச்சு கலர் கலரா ரிப்போர்ட் வந்துச்சு, 12 வார்த்தைக்கு முதல் இடம்னு. எடுத்து வந்து காட்டினார். பன்னெண்டும் அவர் கடைப் பேர் தான், முன்னாடி ஊர் பேர், பின்னாடி ஊர் பேர், நடுவுல "ஆஃப்செட்", அவ்ளோ தான் வித்தியாசம். அந்தப் பேர்ல உலகத்துலயே ஒரே கடை தான் இருக்கு, அதைத் தேடினா அது வராம வேற எது வரும்? பேரைத் தெரிஞ்சு தேடுறவன் ஏற்கனவே உங்க கஸ்டமர் சார்னு சொன்னேன். மனுஷன் ரொம்ப நேரம் எதுவும் பேசல.

சரி, உங்க விஷயம். எழுதினதோட சைட் முகவரியும் அனுப்பியிருந்தீங்களே, உக்காந்து பாத்தேன்.

முதல்ல கூகுளுக்கு உங்க சைட் தெரியுமான்னே பாக்கணும். கூகுள்ல சைட்ங்கற வார்த்தையை இங்கிலீஷ்ல அடிச்சு, மேலயும் கீழயும் ரெண்டு புள்ளி வைப்போமே அந்த கோலன் போட்டு, இடைவெளி விடாம உங்க டொமைன் பேரை, அதான் உங்க வெப்சைட் முகவரியை, அடிங்க. உங்க சைட்லேர்ந்து கூகுள் எடுத்து வெச்சிருக்கிற பக்கங்கள் வரும். உங்களுக்கு மூணு வந்துச்சு. ஹோம் பக்கம், கான்டாக்ட் பக்கம், அப்புறம் "ஹலோ வேர்ல்டு"ன்னு ஒண்ணு (அதைக் கடைசில சொல்றேன்). இதைப் படிக்கிற வேற யாருக்காவது ஒண்ணுமே வரலன்னா, வேர்ட்பிரஸ்ல (சைட் கட்டுற மென்பொருள்) செட்டிங்ஸ், அதுல ரீடிங்னு போங்க, சர்ச் எஞ்சின் எல்லாம் இந்தப் பக்கம் வராதீங்கன்னு சொல்ற மாதிரி ஒரு டிக் பெட்டி இருக்கும், சைட் கட்டும்போது போட்டுட்டு எடுக்க மறந்திருப்பாங்க. அந்த டிக்கை எடுத்து சேவ் பண்ணுங்க. இந்த ஒரு டிக்கை எடுக்குறதுக்கு ஆயிரக்கணக்குல பில் போடுற ஆளுங்க இருக்காங்க, சும்மா சொல்லல.

உங்களுக்கு டிக் பிரச்சனை இல்ல அண்ணாச்சி. கூகுள் வந்திருக்கு, வாசல்ல நின்னு பாத்திருக்கு, உள்ள படிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லன்னு திரும்பிப் போயிருக்கு.

எப்படின்னா, உங்க ஹோம் பக்கத்துல மிட்டாய் படம், "பாரம்பரிய சுவை", விலை, போன் நம்பர் எல்லாம் பளிச்னு இருக்கு. ஆனா அது மொத்தமும் ஒரே படம். ஃபிளெக்ஸ் அடிக்கிற கடைல டிசைன் பண்ண போஸ்டரை அப்படியே ஏத்தி வெச்சிருக்காங்க. விரலை வெச்சு அழுத்தி ஒரு வார்த்தையை செலக்ட் பண்ணிப் பாருங்க, ஆகாது. முக்கியமான விஷயத்தை படத்துக்குள்ள வெக்காதீங்க, எழுத்தா வைங்கன்னு தான் கூகுள் சொல்லுது.

"எங்களைப் பற்றி" பக்கம் இதை விட மோசம். கண்ணுக்கு நல்ல தமிழ் தான், அப்பா கடை ஆரம்பிச்ச கதையெல்லாம் அருமையா எழுதியிருக்கீங்க. முதல் வரியை காப்பி பண்ணி வாட்ஸ்அப்ல எனக்கு நானே அனுப்பிப் பாத்தேன். எஃப் எல் ஐ ஒய்னு இங்கிலீஷ் எழுத்தா கொட்டுது. அப்பவே தெரிஞ்சு போச்சு, பாமினி. பாமினி ஃபாண்ட்ல "கடலை"ன்னு நமக்குத் தெரியிறது உள்ளுக்குள்ள எஃப், எல், ஐ, ஒய்ங்கற நாலு இங்கிலீஷ் எழுத்து தான், மேல தமிழ் சட்டை மாட்டியிருக்கு. கூகுள் சட்டையைப் பாக்காது, உள்ள இருக்கிறதைத் தான் படிக்கும். அது படிச்சுப் பாத்து இது எந்த பாஷைன்னே புரியாம போயிருக்கும், அதனால தான் அந்தப் பக்கம் மேல சொன்ன லிஸ்ட்லயே இல்லன்னு நினைக்கிறேன். தமிழ்நாடு அரசே 2010ல யூனிகோடுக்கு, அதாவது உள்ளயும் தமிழ் எழுத்தாவே இருக்கிற பொது முறைக்கு, ஆணை போட்டாச்சு, இன்னும் டைப்பிங் சென்டர்ல, பிரிண்டிங் பிரஸ்ல பாமினி போக மாட்டேங்குது, அங்கேர்ந்து அப்படியே வெப்சைட்டுக்கும் வந்துடுது. காசு வாங்கி சைட் கட்டினவராவது கவனிச்சிருக்கணுமா இல்லையா? பாமினிலேர்ந்து யூனிகோடு மாத்துற கன்வர்டர் இணையத்துல இலவசமாவே கிடைக்குது, பழசை அதுல போட்டு எடுத்து ஒட்டிட்டு ஒரு தடவை படிச்சுப் பாத்துடுங்க, அங்கங்க கொம்பு காணாம போயிருக்கும். இல்ல போன்லயே தமிழ் கீபோர்டுல புதுசா அடிச்சாலும் சரி, அது யூனிகோடு தான்.

அடுத்தது என்ன எழுதுறதுன்னு கேப்பீங்க. "தரமான கடலை மிட்டாய் எங்களிடம் கிடைக்கும்"னு பத்து தடவை எழுதாதீங்க, ஒரே வார்த்தையைத் திணிக்கிறது ஸ்பேம்னு கூகுளுக்குத் தெரியும். அப்புறம் கீவேர்டு மெட்டா டேக் (பக்கத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாம எழுதி வெக்கிற தேடல் வார்த்தை லிஸ்ட்) போடறேன்னு யாராவது காசு கேட்டா சிரிச்சுட்டு வந்துடுங்க, அதை நாங்க பாக்குறதே இல்லன்னு 2009லயே கூகுள் சொல்லியாச்சு. நீங்க செய்ய வேண்டியது, ஒரு வாரம் கல்லாப்பெட்டி பக்கத்துல ஒரு நோட்டு வைங்க. போன்ல கஸ்டமர் கேக்குற கேள்வியெல்லாம் அவங்க வார்த்தைலயே எழுதுங்க. மழைக்காலத்துல நமுத்துப் போகுமா, எத்தனை நாள் தாங்கும், வெல்லமா சீனியா, கருப்பட்டி போட்டது இருக்கா, சென்னைக்கு எத்தனை நாள்ல வரும், கல்யாணத்துக்கு 300 பாக்கெட் பேர் அச்சடிச்சுத் தருவீங்களா, பல் இல்லாத அப்பாவுக்கு பொடிசா உடைச்சது கிடைக்குமா. இதுக்கெல்லாம் போன்ல என்ன பதில் சொல்றீங்களோ அதை அப்படியே சைட்ல எழுதுங்க. நமுத்துப் போற கேள்விக்கு நீங்க தர்ற பதிலை ஒரு ஏஜென்சிக்காரனும் எழுத முடியாது, பாகு பதம் தெரிஞ்சவன் தான் எழுத முடியும்.

இன்னொண்ணையும் ஒளிக்காம சொல்லிடறேன். "கோவில்பட்டி கடலை மிட்டாய்"ங்கற மூணு வார்த்தைக்கு நீங்க சீக்கிரம் முதல்ல வர மாட்டீங்க. 2020ல புவிசார் குறியீடு கிடைச்சதுலேர்ந்து பத்திரிகைச் செய்தி, விக்கிபீடியா, பெரிய பெரிய ஆன்லைன் கடைங்க எல்லாம் அதுல போட்டி. அது போக மேல விளம்பரம், அதுக்கும் மேல இப்போ ஏஐ வேற பதில் சொல்லிடுது, ஜனங்க கீழ வர்றதுக்கே யோசிக்கிறாங்க, நாம ராப்பகலா எழுதி வெச்சதை அது ரெண்டு வரில சுருக்கிக் குடுத்துட்டுப் போயிடுது, கேக்க ஆள் இல்ல. அதனால "கருப்பட்டி கடலை மிட்டாய் மொத்தமா கல்யாணத்துக்கு" மாதிரி நீளமா தேடுறவங்களைப் பிடிங்க. கம்மி பேர் தான், ஆனா வாங்குற பேர். வடக்கத்திக்காரங்க பீனட் சிக்கின்னு தேடுவாங்க, நம்ம ஆளுங்கள்லயே பாதிப் பேர் கடலை மிட்டாயை இங்கிலீஷ் எழுத்துல தான் அடிப்பாங்க, இங்கிலீஷ்லயும் ஒரு பக்கம் இருக்கட்டும். பக்கத்தோட டைட்டில்னு ஒண்ணு உண்டு, கூகுள்ல பெருசா தெரியுற அந்த லிங்க் வரி, உங்களுது இப்போ வெறும் "ஹோம்"னு இருக்கு. என்ன பொருள், எந்த ஊர், என்ன கடைன்னு அதுல வரணும்.

வேகம், மொபைல்ல சரியா தெரியுறது, பூட்டு சின்னம் இதெல்லாம் உங்க சைட்ல பரவால்ல, விடுங்க.

கடைக்கு கூகுள் மேப்ல பிசினஸ் ப்ரொஃபைல் போடுங்க, காசு கிடையாது. வெரிஃபிகேஷனுக்கு பெரும்பாலும் வீடியோ கேக்குது, தெரு, போர்டு, கடை உள்ள, கல்லா எல்லாம் ஒரே ஓட்டமா எடுக்கணும். ரிஜெக்ட் ஆனா எதுக்கு ஆச்சுன்னு நாமளா மண்டையை உடைச்சுக்கணும், விவரம் சொல்ற வழக்கம் அங்க இல்ல. கடைப் பேர்ங்கற இடத்துல போர்டுல இருக்கிற பேரை மட்டும் போடுங்க, "நம்பர் 1 பெஸ்ட் கடலை மிட்டாய் ஆன்லைன் டெலிவரி"ன்னு ஒட்ட வெக்காதீங்க, முடக்கிடுவாங்க.

இதுல ஒரு விதிவிலக்கு இருக்கு, அண்ணாச்சிக்குத் தேவையில்ல, ஆனா வீட்ல இருந்தே முறுக்கு, மசாலாப் பொடி, ஊறுகாய் போடுற அக்காமார் நிறைய பேர் இதுல மாட்டிக்கிறாங்க, அதனால சொல்லியே ஆகணும். கடைன்னு தனியா இல்ல, வீட்ல செஞ்சு நீங்களோ உங்க ஆளோ வண்டில போய் வீட்டு வாசல்ல குடுக்குறீங்கன்னா ப்ரொஃபைல் போடலாம், ஆனா வீட்டு அட்ரஸை மறைச்சுட்டு எந்தெந்த ஏரியாவுக்கு டெலிவரின்னு மட்டும் போடணும். 20 ஏரியா வரைக்கும் சேக்கலாம், மொத்தமா பாத்தா உங்க இடத்துலேர்ந்து வண்டில சுமார் 2 மணி நேர தூரத்துக்குள்ள இருக்கணும், அதுக்காக தமிழ்நாடு முழுக்கப் போடாதீங்க. வீட்டுக்கே ஜனங்க வந்து வாங்கிட்டுப் போறாங்க, வெளில போர்டு இருக்கு, நேரம் போட்டிருக்கீங்கன்னா அட்ரஸ் காட்டலாம். ஆனா கஸ்டமரை நேர்ல பாக்குறதே இல்ல, எல்லாம் கூரியர் தான்னா உங்களுக்கு ப்ரொஃபைலே கிடையாது, விதி அப்படி. இதைத் தெரிஞ்சே சொந்தக்காரங்க கடை அட்ரஸைப் போட்டு ஏஜென்ட் வாங்கிக் குடுப்பான், நாலு மாசத்துல ப்ரொஃபைல் போயிடும், ரிவ்யூவும் சேந்து போயிடும், ஏஜென்ட்டும் போயிடுவான். கூரியர் மட்டும்னா வெப்சைட்டையும் இன்ஸ்டாவையும் நம்புங்க.

அப்புறம் கூகுளோட சர்ச் கன்சோல். இதுவும் இலவசம். உங்க சொந்த ஜிமெயில்ல திறங்க, ஏஜென்சி மெயில்ல இல்ல. என்ன வார்த்தை தேடி உங்க சைட்டுக்கு வந்தாங்கன்னு காட்டும். புதுசா எழுதின பக்கத்தோட முகவரியை மேல இருக்கிற பெட்டில போட்டு "ரிக்வெஸ்ட் இண்டெக்ஸிங்" அமுக்குங்க, இந்தப் பக்கத்தையும் எடுத்துக்கோன்னு கூகுள்கிட்ட கேக்குறது தான் அது. ஒரு தடவை போதும், தினம் அமுக்கினா சீக்கிரம் வராது.

மத்தபடி அந்த ஏஜென்சிக்காரர் 5,000 பேக்லிங்க் தர்றேன்னு சொல்லியிருப்பாரே? சொல்லாம இருக்க மாட்டார். மத்த சைட்லேர்ந்து உங்க சைட்டுக்கு லிங்க் இருந்தா நல்லது தான், ஆனா விலைக்கு வாங்குற லிங்க் குப்பைல பொறுக்குனது. 2012ல பெங்குயின்னு ஒரு மாத்தம் கொண்டு வந்து இந்த மாதிரி லிங்க்ல ஏறினவங்களை எல்லாம் கூகுள் தூக்கிக் கீழ போட்டுச்சு. 2006ல ஜெர்மனில பிஎம்டபிள்யூ கார் கம்பெனி சைட்டையே தில்லுமுல்லு பக்கங்கள் வெச்சிருந்துச்சுன்னு தேடல்லேர்ந்து எடுத்தாங்க. அவங்க சரி பண்ணிட்டுத் திரும்ப வந்துட்டாங்க, பெரிய கம்பெனி. நீங்களும் நானும் யார்கிட்ட போய் முறையிடுறது? "டொமைன் அதாரிட்டி 10லேர்ந்து 40 ஆக்கறேன்"ம்பாங்க, அது ஒரு தனியார் கம்பெனி போடுற மார்க், கூகுளுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. "கூகுள்லேர்ந்து பேசுறோம், உங்க லிஸ்டிங் காலாவதி ஆகுது"ன்னு வந்தா வெச்சுடுங்க, தேடல்ல வர்றதுக்கு கூகுள் யார்கிட்டயும் காசு வாங்குறதில்ல. தீபாவளிக்கு அவசரமா ஆர்டர் வேணும்னா விளம்பரம் போடுங்க, தப்பில்ல, ஆனா உங்க அக்கவுண்ட்ல உங்க கார்டுல போடுங்க. விளம்பரம் போட்டா தேடல்லயும் மேல ஏத்துவாங்கன்னு சொல்றது சுத்தப் பொய்.

இது எல்லாத்துக்கும் முன்னாடி இன்னைக்கே ஒரு வேலை. டொமைன் யார் பேர்ல, எந்த மெயில்ல ரெஜிஸ்டர் ஆகியிருக்குன்னு சைட் கட்டினவர்கிட்ட கேளுங்க. "எங்ககிட்ட தான் சார் இருக்கு, நாங்க பாத்துக்கறோம்"னு சொன்னா விடாதீங்க, உங்க அக்கவுண்டுக்கு மாத்தி வாங்குங்க, லாகினோட. ரினீவல் தேதியை காலண்டர்ல எழுதி மாட்டுங்க. சண்டை வந்த பின்னாடி கேட்டா அவங்க சொல்றது தான் விலை, கடைச் சாவியை பெயின்ட் அடிச்சவர்கிட்ட விட்டுட்டு வர்ற மாதிரி தான் இது.

ஆங், அந்த ஹலோ வேர்ல்டு. அது வேர்ட்பிரஸ் போட்டவுடனே தானா வர்ற மாதிரிப் பக்கம், உங்க கடைப் பேரோட 14 மாசமா கூகுள்ல நிக்குது, அழிச்சிடுங்க. அதுக்குக் கீழ ஒரு கமெண்ட் இருக்கு, "வணக்கம் ஐயா, ஆர்டருக்கு இந்த நம்பருக்கு அழைக்கவும்"னு உங்க கடைலேர்ந்து யாரோ பதில் வேற போட்டிருக்கீங்க. அந்தக் கமெண்ட்டும் வேர்ட்பிரஸ் தானா போடுறது தான் அண்ணாச்சி, அங்க ஆள் கிடையாது.