பழைய நாவல்களின் நாயகிகளில் வாசகிகள் தங்களையே காண்பது ஏன்?

நாயகியின் சிறப்புகளைவிட அவளுடைய குறைகளே இதற்குப் பெரிதும் காரணம் என்பது என் கருத்து. லூயிசா மே ஆல்காட் 1868-இல் வெளியிட்ட ‘லிட்டில் விமன்’ நாவலின் ஜோ மார்ச், முன்கோபக்காரியாகவும், வீட்டு வேலையில் மனம் ஒட்டாமல் பரணில் அமர்ந்து கதை எழுதுபவளாகவும் இருந்ததால்தான், கத்தோலிக்கக் கட்டுப்பாட்டில் வளர்ந்த பிரெஞ்சுப் பெண்ணிய எழுத்தாளர் சிமோன் த பொவார் சிறுவயதில் அவளிடம் தம் சாயலைக் கண்டார். இதைத் தம் தன்வரலாற்றிலும் எழுதியுள்ளார். ஆல்காட் தம்மையே மாதிரியாகக் கொண்டு ஜோவைப் படைத்ததும் அந்த உயிர்ப்புக்கு ஒரு காரணம். இவ்வாறு ஒன்றிப்போன வாசகிகள் உரிமையும் கொண்டாடினர்: ஜோவின் திருமணத்தைப் பற்றிக் கேட்டுக் கடிதங்கள் எழுதினர். அவளை மணமாகாத எழுத்தாளராகவே விட்டுவிட விரும்பிய ஆல்காட், 1869-இல் வந்த இரண்டாம் பாகத்தில், எல்லோரும் எதிர்பார்த்த பக்கத்து வீட்டு இளைஞன் லாரியை விடுத்து, (சற்றுக் குறும்பாகவே) வயதில் மூத்த ஜெர்மானியப் பேராசிரியர் ஒருவருக்கு அவளை மணமுடித்து வைத்தார்.