வேலை, பிள்ளைகள், கடன் என்று வாழ்பவர் புத்தரின் போதனைகளை அன்றாடம் கடைப்பிடிக்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

முடியும். நாள் முழுவதையும் எடுத்துக்கொள்ளும் வேலை, கவனம் கேட்கும் பிள்ளைகள், மாதந்தோறும் கட்ட வேண்டிய கடன் ஆகிய மூன்றையும் நீங்கள் தடைகளாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். ஏறக்குறைய இதே நிலையில் இருந்த ஒருவர் புத்தரிடமே இந்தக் கேள்வியைக் கேட்டதாகப் பாலி மொழியிலுள்ள பழைய பௌத்த நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. கோலிய குலத்தைச் சேர்ந்த தீகஜாணு என்னும் அவர், தாம் மனைவி மக்களோடு நெருக்கடியில் வாழ்பவர் என்றும், சந்தனம் பூசி மாலை சூடிப் பொன்னும் வெள்ளியும் கையாள்பவர் என்றும் மறைக்காமல் சொல்லிவிட்டு, தம்மைப் போன்றவர்களுக்கு இம்மையிலும் மறுமையிலும் நன்மை தரும் வழி எது என்று கேட்டார். வீட்டை விட்டு வா என்று புத்தர் அவரை அழைக்கவில்லை. செய்யும் தொழிலில் திறமையும் ஊக்கமும், நேர்மையாக ஈட்டியதைக் காத்துக்கொள்ளுதல், நல்லவர்களின் நட்பு, வரவு அறிந்து செலவு செய்தல் ஆகிய நான்கும் இம்மைக்கு நன்மை தரும் என்றார். மறுமைக்கு நம்பிக்கை, ஒழுக்கம், ஈகை, மெய்யறிவு என்று வேறு நான்கைச் சொன்னார். பௌத்தம் துறவிகளுக்கு மட்டுமே உரியது என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்குத் தீகஜாணுவின் நினைவுதான் வரும்.

கடனைப் பற்றிய உங்கள் கவலையும் போதனைக்கு வெளியே நிற்பதன்று. பெரும் செல்வரான அனாதபிண்டிகரிடம் பேசும்போது இல்லறத்தார் அடையக்கூடிய நான்கு மகிழ்ச்சிகளைப் புத்தர் சொல்கிறார்: பொருள் உடைமை, அதைத் துய்த்தல், கடனின்றி இருத்தல், பழியின்றி இருத்தல். இவற்றுள் பழியின்றி இருக்கும் மகிழ்ச்சிக்கு முன்னால் மற்ற மூன்றும் மிகச் சிறியவை என்று அவர் முடித்தாலும், கடனில்லாமையை ஒரு மகிழ்ச்சியாக அவர் எண்ணிச் சொன்னது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆகவே நீங்கள் திட்டமிட்டுச் செலவைக் குறைத்துக் கடனை அடைப்பதையும் உங்கள் பயிற்சியின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொள்ளலாம்.

எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்விக்குப் பெரும்பாலோர் தியானம் என்று பதில் சொல்வார்கள். என் பதில் வேறு. பேச்சிலிருந்து தொடங்குங்கள் என்பேன். தியானத்துக்கு நேரம் ஒதுக்க வேண்டும்; பேச்சோ எப்படியும் நாள் முழுவதும் நடந்துகொண்டிருக்கிறது. வீட்டிலும் அலுவலகத்திலும் நாம் பிறருக்குத் தரும் துன்பத்தில் பெரும்பகுதி சொற்களின் வழியாகவே போகிறது. நமக்கு வரும் துன்பமும் அப்படித்தான். துன்பம் நீங்கப் புத்தர் வகுத்த எண்வழிப் பாதையில் நல்வாய்மை, அதாவது நல்ல பேச்சு, தனி உறுப்பாக வைக்கப்பட்டிருப்பதும், இல்லறத்தார் ஏற்கும் ஒழுக்க விதிகளான ஐந்து சீலங்களில் பொய் பேசாமை ஒன்றாக இருப்பதும் இதனால்தான் என்று நான் கருதுகிறேன்.

இதற்குரிய மிகத் தெளிவான செயல்முறையைப் புத்தர் தம் மகன் ராகுலனுக்குச் சொல்லிக் கொடுத்தார். கண்ணாடி எதற்குப் பயன்படும் என்று கேட்டு, பார்ப்பதற்கு என்ற பதிலைப் பெற்றுக்கொண்டு, அதுபோலவே உடலாலும் சொல்லாலும் மனத்தாலும் செய்பவற்றைப் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும் என்கிறார். ஒன்றைச் செய்வதற்கு முன்பும், செய்துகொண்டிருக்கும்போதும், செய்து முடித்த பின்பும் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும்: இது எனக்கோ பிறருக்கோ இருவருக்குமோ தீங்கு தருமா? முன்பே தெரிந்தால் செய்யக் கூடாது; நடுவில் தெரிந்தால் நிறுத்த வேண்டும்; சொல்லிலோ செயலிலோ முடிந்த பிறகுதான் தெரிகிறது என்றால், ஆசிரியரிடமோ அறிவுள்ள தோழரிடமோ மறைக்காமல் சொல்லி, இனி அடக்கத்தோடு இருக்க வேண்டும். தீங்கில்லை என்று கண்டால் அந்த மகிழ்ச்சியோடு பயிற்சியைத் தொடரலாம். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகர் இன்றைய ராஜஸ்தானிலுள்ள பைராட்டில் வெட்டுவித்த கல்வெட்டொன்றில், துறவியரும் இல்லறத்தாரும் அடிக்கடி கேட்டுச் சிந்திக்க வேண்டியவை என்று ஏழு போதனைகளைப் பட்டியலிடுகிறார். அவற்றுள் ஒன்று, பொய் பேசுவது குறித்து ராகுலனுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை. ஒரு பேரரசை ஆண்டவர் இல்லறத்தாருக்கும் சேர்த்து அதைத் தேர்ந்தெடுத்தார் என்பது எனக்கு மிகுந்த ஊக்கம் தரும் செய்தி.

நான் பல ஆண்டுகளாக இதைக் கடைப்பிடித்து வருகிறேன். இதில் நடுக்கட்டம்தான் கடினமானது என்பது என் அனுபவம். பேசத் தொடங்கும் முன் யோசிப்பது ஓரளவு பழகிவிடுகிறது. பேசி முடித்த பின் வருந்துவது எல்லோருக்கும் இயல்பாகவே வருகிறது. பாதி வாக்கியத்தில், எதிரில் இருப்பவரின் முகம் வாடுவதைக் கண்டவுடன், நம் வாதம் சரியாகவே இருந்தாலும் அதை அங்கேயே விட்டுவிடுவதற்குத்தான் உண்மையான பயிற்சி தேவைப்படுகிறது. எழுத்தில் இது சற்று எளிது. கோபத்தில் தட்டச்சு செய்த மின்னஞ்சலையோ வாட்ஸ்அப் செய்தியையோ உடனே அனுப்பாமல் வைத்துவிட்டுப் பிறகு படித்துப் பார்த்தால், எது தகவல், எது குத்தல் என்று தனித்தனியே தெரிந்துவிடும். உண்மையாக இருத்தல் மட்டும் போதாது. ஏற்ற நேரத்தில், மென்மையாக, பயன் தரும்படி, நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதே நல்ல பேச்சு என்று புத்தர் வகுத்த அளவுகோலை அப்போது எடுத்துக்கொள்ளலாம். இதற்காகக் கசப்பான உண்மையை ஒருபோதும் சொல்லக் கூடாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கேட்பவருக்கு இனிக்காத சொல்லும் உண்மையாகவும் பயனுள்ளதாகவும் இருந்தால், உரிய காலம் அறிந்து அதைச் சொல்வார் புத்தர் என்று அபயன் என்னும் இளவரசனோடு நடந்த உரையாடல் காட்டுகிறது.

இவ்வளவு தெரிந்த பிறகும் ஏன் நாம் தடுமாறுகிறோம்? போதனையின் ஆழமான பகுதி இங்கேதான் பயன்படுகிறது. கண்ணும் காதும் மனமும் ஏதோ ஒன்றைத் தொட்டவுடன் இன்பமாகவோ துன்பமாகவோ இரண்டுமில்லாமலோ ஒரு நுகர்ச்சி, அதாவது உணர்வு, எழுகிறது, அந்த நுகர்ச்சியிலிருந்து வேட்கை எழுகிறது, வேட்கையிலிருந்து பற்று. மேலதிகாரி எல்லோர் முன்னிலையிலும் குறை சொல்கிறார் என்றால், மார்பில் எழும் அந்த எரிச்சலை நம்மால் தடுக்க முடியாது. அதன் மேல் நாம் கட்டிக்கொள்வதைத் தடுக்க முடியும். பயிற்சியற்றவர் வலி வரும்போது இரண்டு அம்புகளால் தைக்கப்படுகிறார், ஒன்று உடலில், மற்றொன்று மனத்தில் என்ற புத்தரின் உவமையைப் பலரும் கேட்டிருப்பார்கள். அதே போதனையில் அதிகம் பேசப்படாத ஒரு வரி இருக்கிறது. துன்ப உணர்விலிருந்து வெளியேறப் புலனின்பத்தைத் தவிர வேறு வழி தெரியாததால் அவர் அதை நாடுகிறார் என்பதே அது. ஒரு கசப்பான தொலைபேசி உரையாடலுக்குப் பிறகு காரணமே இல்லாமல் கைப்பேசியைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தை இதைவிடத் துல்லியமாக விளக்கும் சொற்களை நான் வேறெங்கும் படித்ததில்லை. அந்த நேரத்தில் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, மனத்தில் எரிச்சல் இருக்கிறது என்று மட்டும் அறிந்து சிறிது நேரம் இருந்து பாருங்கள். அதை விரட்டவும் வேண்டாம், நியாயப்படுத்தவும் வேண்டாம்.

நம் பொறுமை உண்மையானதா என்று அறிவதற்கும் ஒரு கதை உண்டு. சாவத்தி நகரில் வேதேகிகை என்னும் இல்லத்தலைவி சாந்தமானவர், பணிவானவர் என்று பெயரெடுத்திருந்தார். அவர் வீட்டுப் பணிப்பெண் காளி நன்றாக வேலை செய்பவள். தலைவிக்குக் கோபமே இல்லையா, அல்லது என் வேலை ஒழுங்காக நடப்பதால் அது வெளியே வராமல் இருக்கிறதா என்று அவளுக்கு ஐயம் எழுந்தது. ஒருநாள் வேண்டுமென்றே தாமதமாக எழுந்தாள். தலைவி முகம் சுளித்தார். மறுமுறை இன்னும் தாமதமாக எழுந்தபோது கடுஞ்சொல் வந்தது. மூன்றாம் முறை, தலைவி கதவின் தாழ்க்கோலை எடுத்துத் தலையில் அடித்துவிட்டார். காளி இரத்தம் வழிய அக்கம்பக்கத்தாரிடம் போய் முறையிட, அத்தனை ஆண்டு நற்பெயரும் போயிற்று. இனிய சொற்களே காதில் விழும்வரை சாந்தமாக இருப்பவரைச் சாந்தமானவர் என்று சொல்லிவிட முடியாது என்று துறவிகளுக்கு உணர்த்தவே புத்தர் இதைச் சொன்னார். ஆனாலும் எனக்கு இது இல்லறத்தாருக்கென்றே சொல்லப்பட்டதாகத் தோன்றுகிறது. நம்மைச் சார்ந்து வாழ்பவர்கள், திருப்பிப் பேச முடியாதவர்கள், நமக்குக் கீழே வேலை செய்பவர்கள், சிறு பிள்ளைகள் ஆகியோரிடம் நாம் எப்படி நடக்கிறோம் என்பதில்தான் பயிற்சியின் அளவு தெரியும். பிள்ளை பால் கோப்பையைக் கவிழ்த்த கணத்தில் வரும் குரல், காலையில் அமைதியாக அமர்ந்து செய்த தியானத்தைவிட நம்மைப் பற்றி அதிகம் சொல்லிவிடுகிறது.

ஒருவர் மீது மனக்கசப்பு ஆழமாகப் பதிந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் ஐந்து வழிகள் சொல்லப்பட்டிருக்கின்றன. அவரிடம் அன்பை வளர்க்கலாம், இரக்கத்தை வளர்க்கலாம், சமநிலையோடு பார்க்கலாம், அவரவர் வினைக்கு அவரவரே உரியவர் என்று எண்ணலாம், இவற்றோடு, அவரைப் பற்றி நினைக்காமலே விட்டுவிடலாம் என்பதும் ஒரு வழி. கொடுமைக்கு ஆளானவர்களிடம் உடனடியாக அன்பு செலுத்தச் சொல்லி வற்புறுத்துவோர் இந்தக் கடைசி வழியை நினைவில் கொள்ள வேண்டும். மனம் ஆறும்வரை நினைவை வேறு பக்கம் திருப்பிக்கொள்வதும் போதனைக்கு உட்பட்டதே.

ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். பற்றறுத்தல் என்ற பெயரில் குடும்பத்திலிருந்து விலகி நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். மனைவி அழும்போது எல்லாம் நிலையற்றவை என்று பதில் சொல்வது ஞானமாகாது. சிகாலன் என்னும் இளைஞனுக்குப் புத்தர் தந்த அறிவுரையில் பெற்றோர், ஆசிரியர், மனைவி, நண்பர், பணியாளர், துறவியர் ஆகிய ஒவ்வொருவருக்கும் செய்ய வேண்டிய கடமைகள் விரிவாக வகுக்கப்பட்டிருக்கின்றன. பணியாளருக்கு அவர்களின் வலிமைக்கேற்ற வேலை தர வேண்டும், உணவும் ஊதியமும் தர வேண்டும், நோயில் கவனிக்க வேண்டும், உரிய காலத்தில் ஓய்வு தர வேண்டும் என்ற அளவுக்கு நுணுக்கமாக அது போகிறது. உங்களுக்குக் கீழே சிலர் வேலை செய்கிறார்கள் என்றால், அந்தப் பகுதியை மட்டுமாவது படித்துப் பாருங்கள்.

தியானத்துக்கு நேரமே கிடைப்பதில்லை என்று நீங்கள் நினைக்கலாம். கிடைக்கும்போது சில நிமிடங்கள் மூச்சைக் கவனித்து அமர்வது நல்லது. ஆனால் விழிப்புணர்வை விளக்கும் அடிப்படைப் போதனையே நடத்தல், நிற்றல், உண்ணுதல், ஆடை உடுத்தல், மலசலம் கழித்தல் வரை எல்லாவற்றையும் அறிந்தே செய்யச் சொல்கிறது. பாத்திரம் கழுவும்போதும் பேருந்துக்காக நிற்கும்போதும் அதைச் செய்யலாம். நீண்ட நாட்களாக மனச்சோர்வோ கடும் பதற்றமோ உங்களுக்கு இருக்குமானால், பல நாள் மௌன முகாம்களில் சேர்வதற்கு முன் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். அத்தகைய நிலையில் நீண்ட நேரத் தியானம் சிலருக்குத் துன்பத்தைக் கூட்டிவிடுவதுண்டு. மற்றபடி, இன்று வீட்டில் நீங்கள் பேசப்போகும் முதல் கடினமான பேச்சிலேயே ராகுலனுக்குச் சொல்லப்பட்ட அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்.