கடன் கேட்காமல் சிரித்துவிட்டுப் போங்கள்

கேள்வி: விடுமுறையில் காரில் மதுரைப் பக்கம் கிராமங்களைச் சுற்றினோம். வழியெல்லாம் ஒரே சிரிப்பு. ஒரு போர்டில் 'நாட்டுக் கோளி', இன்னொன்றில் 'பிறியாணி'. நிறையப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். 'தமிழ் படும் பாடு' என்று ஒரு பக்கம் ஒதுக்குவீர்களா? (வாசகர், சென்னை)

பதில்: ஒதுக்க மாட்டோம். கோழி விற்கிறவர் ழகரத்தில் சறுக்கியதைப் பார்த்துச் சிரிக்க ஒரு பக்கம் எதற்கு? சென்னையில் அடுக்குமாடி விளம்பரங்களிலும் கல்யாண ஃபிளெக்ஸ்களிலும் இதைவிடப் பெரிய பிழைகள் ஆள் உயரத்துக்கு நிற்கின்றன. காரை நிறுத்தி அவற்றையும் எடுத்தீர்களா?

நாம் சிரிக்க வேண்டும் என்றே எழுதி வைத்த போர்டுகளும் அதே வழியில் இருந்திருக்கும். 'இன்று ரொக்கம், நாளை கடன்' அதில் பழசு. எந்த நாள் போய்க் கேட்டாலும் பதில் அதுதான். '90 வயதைத் தாண்டியவர்கள் பெற்றோருடன் வந்தால் கடன் உண்டு' என்பது இன்னும் ஒரு படி மேல்.

இந்தக் குசும்பு சும்மா வருவதில்லை. கிராமத்து மளிகைக் கடையில் கடன் கேட்பவர் யார்? மாமா, சித்தப்பா, பக்கத்து வயல்காரர், நாளைக்கே பெண் கேட்டு வரக்கூடிய சம்பந்தி. முகத்துக்கு நேரே 'இல்லை' என்றால் உறவு போச்சு. 'சரி' என்றால் முதல் போச்சு. அதனால், இல்லை என்று சொல்லும் வேலையைக் கடைக்காரர் போர்டிடம் விட்டுவிடுகிறார். 'கடன் அன்பை முறிக்கும்' என்ற ஸ்டிக்கரும் இதே வேலைக்குத்தான் ஒட்டப்படுகிறது, ஆனால் வாத்தியார் குரல். வேடிக்கையாக எழுதியிருந்தால், கேட்க வந்தவர் சிரித்துவிட்டு, வாயைத் திறக்காமல் காசைக் கொடுத்துவிட்டுப் போகலாம். இரண்டு பேருக்கும் மரியாதை மிச்சம். (அப்படியும் கல்லாவுக்கு அடியில் ஒரு கடன் நோட்டு இருக்கத்தான் செய்யும். அது வேறு விஷயம்.)

டீக்கடைகளில் தொங்கும் 'இங்கு அரசியல் பேசாதீர்கள்' மட்டும் என்ன? அதற்குக் கீழேயே ஒருவர் தினத்தந்தியை உரக்கப் படிப்பார், டீ ஆற்றிக்கொண்டே முதல் கருத்தைச் சொல்பவர் கடைக்காரராகவே இருப்பார். பேச்சு கைகலப்புக்குப் போகும்போது சுட்டிக்காட்ட ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

அரசாங்கமும் இந்த வேலையைச் செய்வதுண்டு. 1960-ல் தொடங்கப்பட்ட எல்லைச் சாலைகள் அமைப்பு லடாக் மலைப்பாதைகளில் 'ஆஃப்டர் விஸ்கி, டிரைவிங் ரிஸ்கி', 'இஃப் மேரீட், டைவர்ஸ் ஸ்பீட்' என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறது. போனவர்கள் படம் எடுக்காமல் திரும்புவது அபூர்வம். அமெரிக்காவில் நேர்மாறு. அங்கே 2023-ல் வந்த மத்திய அரசின் போக்குவரத்துக் குறியீட்டுக் கையேடு, நெடுஞ்சாலை மின்பலகைகளில் நகைச்சுவை வேண்டாம் என்கிறது. படித்துப் புரிந்துகொள்ள நேரம் பிடித்தால் ஓட்டுபவரின் கவனம் சிதறும் என்பது கவலை. இந்த விஷயத்தில் நான் அமெரிக்கா பக்கம். கொண்டை ஊசி வளைவில் என் டிரைவர் சிரிக்க வேண்டாம். மளிகைக் கடையில் எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்கட்டும், நேரம் இருக்கிறது.

சரி, உங்கள் ஆசையையும் கெடுப்பானேன். எழுதியவர் நம்மைச் சிரிக்க வைக்க நினைத்த போர்டு ஏதாவது உங்கள் படங்களில் இருந்தால் அனுப்புங்கள், போடுகிறோம். கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். செல்போன் நம்பர் தெரியக்கூடாது. அப்புறம், வாட்ஸ்அப்பில் வந்ததைச் சொந்தப் படம் என்று அனுப்பாதீர்கள். 90 வயது போர்டு எங்களுக்கு எல்லா மாவட்டத்திலிருந்தும் வந்துவிட்டது, எல்லாவற்றிலும் அதே ஆணி, அதே காலண்டர்.