அப்பாவை காட்டுக்கு கூட்டிட்டு போக லோன் எடுக்கலாமா?

கேள்வி: அண்ணா, நான் கோயம்புத்தூர், வயசு 33, கைக்கு 58,000 வருது. வீட்டு லோன் இஎம்ஐ 19,000, எஸ்ஐபி (மாசாமாசம் மியூச்சுவல் ஃபண்டுல போடறது) 6,000, எல்லாம் போக மாசக்கடைசில ஒரு அஞ்சாயிரம் நிக்கும். அவசரத்துக்குன்னு 1.2 லட்சம் எஃப்டில இருக்கு. அப்பாக்கு 68, லாரி ஓட்டினவர், கூடலூர் வழியா மைசூருக்கு இருபது வருஷத்துக்கு மேல லோடு அடிச்சிருக்கார். ஒன்றரை வருஷம் முன்னாடி லாரிய வித்து ஆறு லட்சத்த போஸ்ட் ஆபீஸ் சீனியர் சிட்டிசன் ஸ்கீம்ல போட்டோம், அந்த வட்டிய அவர் தொடறதே இல்ல. சுகர் இருக்கு, மெடிக்கல் பாலிசி கிடையாது. போன வாரம் பேசிட்டு இருந்தப்ப "அந்த ரோட்டுல ரெண்டாயிரம் தடவை போயிருப்பேன், ஹெட்லைட் விழுந்த இடம்தான் பார்த்திருக்கேன்"னு சொன்னார், மனசு என்னமோ மாதிரி ஆயிடுச்சு. நானும் அவரும் மட்டும் எங்க கார்ல முதுமலை, பந்திப்பூர், நாகரஹொளே போலாம்னு பாக்கறேன். பேக்கேஜ் கேட்டா ரெண்டு பேருக்கு 1.4 லட்சம்ங்கறாங்க. பர்சனல் லோன் ஒன்றரை லட்சம் எடுக்கவா? அப்பா என் டெபாசிட்ட உடைச்சுக்கோங்கறார். ஃபிரண்ட் ஒருத்தன் ஃபாஸ்டேக் வருஷ பாஸ் வாங்கினா டோல் மிச்சம்ங்கறான். பொங்கலுக்கு அஞ்சு மாசம் இருக்கு.

பதில்: தம்பி, லோன் வேண்டாம். 14 சதவீதம், மூணு வருஷம்னு வச்சா மாசம் 5,126 ரூவா கட்டணும், அதாவது மாசக்கடைசில நிக்கற அந்த அஞ்சாயிரம் அப்படியே போயிடும். மொத்தமா வட்டி மட்டும் முப்பத்திநாலாயிரத்து ஐநூறு, ப்ராசஸிங் ஃபீ ரெண்டு சதவீதம், அதுக்கு மேல ஜிஎஸ்டின்னு தனியா ஒரு மூவாயிரத்து ஐநூறு. ஆறு நாள் டூருக்கு மூணு வருஷம் கட்டறதெல்லாம் வேண்டாத வேலை.

அப்பா டெபாசிட்டயும் தொடாதீங்க. அந்த ஸ்கீம்ல கொஞ்சமா எடுத்துக்கற வசதி கிடையாது, ஒரு லட்சம் வேணும்னாலும் அந்தக் கணக்கையே மூடணும். ஒரு வருஷம் முடிஞ்சு ரெண்டு வருஷத்துக்குள்ள மூடினா ஒன்றரை சதவீதம் பிடிப்பாங்க, ஆறு லட்சத்துக்கு ஒன்பதாயிரம். அந்த லாரிதான் இப்ப டெபாசிட்டா நிக்குது, அவர் தைரியமே அதுதான்.

ஆனா அவர் காசு குடுக்கறேன்னு சொல்றத முழுசா மறுக்காதீங்க. இத நிறைய பிள்ளைங்க தப்பா பண்றாங்க, "நீங்க சும்மா வாங்க, எல்லாம் நான் பாத்துக்கறேன்"னு சொல்லிடறாங்க, வாழ்நாள் பூரா சம்பாதிச்ச மனுஷன் அதுக்கப்புறம் ஹோட்டல்ல மெனு கார்டுல வலது பக்கத்த மட்டும் பாத்துட்டு ரெண்டு இட்லி போதும்பார். ஆறு லட்சத்துக்கு 8.2 சதவீதம்னா மூணு மாசத்துக்கு 12,300 வட்டி. அது ஜனவரி ஆரம்பத்துல கணக்குல ஏறும். அந்த ஒரு தவணை வட்டி டூருக்கு அவர் பங்கு. பெட்ரோலும் சஃபாரி டிக்கெட்டும் அவர் கையால குடுக்கட்டும், அசல் அசலா இருக்கட்டும்.

மீதிக்கு உங்ககிட்டயே வழி இருக்கு. மாசம் நிக்கற அஞ்சாயிரம், எஸ்ஐபிய அஞ்சு மாசத்துக்கு மட்டும் மூவாயிரமா குறைச்சா இன்னொரு மூவாயிரம், ஆக எட்டாயிரம். சம்பளம் வந்த அன்னிக்கே ஏடிஎம் கார்டு இல்லாத வேற கணக்குக்கு மாத்திடுங்க. அஞ்சு மாசத்துல 40,000, அப்பா பங்கோட 52,300. எஃப்டில இருக்கற 1.2 லட்சத்த மறந்துடுங்க, அது இதுக்கு இல்ல.

அந்த 1.4 லட்சம் எங்கிருந்து வந்துச்சுன்னா நாகரஹொளே ஓரத்துல இருக்கற கபினி பக்கம் ரிசார்ட்டுல. அங்க ஒரு ராத்திரிக்கு இருபதாயிரம் தாண்டற இடமெல்லாம் இருக்கு. யானைக்கு நீங்க எங்க தங்கறீங்கன்னு தெரியாது. முதுமலைல தெப்பக்காட்டுலயே வனத்துறை ரூம் இருக்கு, கிடைக்கலன்னா மசினகுடி, குண்டல்பேட்டை, ஹுன்சூர்ல சாதாரண லாட்ஜ் பாருங்க. அஞ்சு ராத்திரிக்கு 17,500, சாப்பாடு 9,000, ஊர் சுத்தறதோட 700 கிமீ, லிட்டர் நூறுன்னு வச்சா பெட்ரோல் அஞ்சாயிரம், சஃபாரிக்கு 6,000, கிளம்பறதுக்கு முன்னாடி பிரேக், டயர் எல்லாம் பாக்கற சர்வீஸுக்கு 6,000, கையிருப்பா 8,000. 51,500 வருது.

ரூம் போடறப்ப கேன்சல் பண்ணா காசு திரும்ப வருமான்னு மட்டும் கேளுங்க, ஐநூறு கூடன்னாலும் பரவால்ல. 2025 நவம்பர்ல புலி தாக்குதலுக்கு அப்புறம் கர்நாடகால பந்திப்பூர், நாகரஹொளே ரெண்டுலயும் சஃபாரிய நிறுத்தினாங்க, முழு அட்வான்ஸ் கட்டினவங்க பாடு திண்டாட்டம்தான். சஃபாரி நடக்குதான்னு கேட்டுட்டு காசு கட்டுங்க. நடக்கலன்னாலும் தெப்பக்காடு யானை முகாம் ஒண்ணு போதும், தீவன நேரத்துல யானைங்க வரிசையா வந்து நிக்கும், பாகன் ராகி உருண்டைய வாய்க்குள்ளயே வைப்பார், அத அஞ்சடி தள்ளி நின்னு பாக்கறதுக்கு ஆகற டிக்கெட் செலவு கொஞ்சம்தான்.

ஃபாஸ்டேக் வருஷ பாஸ் 2025ல வந்தப்ப மூவாயிரம், 200 ட்ரிப் இல்லன்னா ஒரு வருஷம், அதுவும் தேசிய நெடுஞ்சாலை டோலுக்கு மட்டும். நீங்க போறது மேட்டுப்பாளையம், ஊட்டி, கூடலூர், பந்திப்பூர்னு பாதி மலை ரோடு, இதுல டோல் எத்தனை வரப்போகுது? மாசாமாசம் சென்னை போறவனா இருந்தா வாங்குங்க.

இப்ப உங்க கேள்வில நீங்க ஒரே வரில தாண்டிட்டுப் போன விஷயம். அப்பாக்கு பாலிசி இல்ல. எனக்கு டூர் செலவ விட இதுதான் பயமா இருக்கு, ஏன்னா மைசூர்ல ரெண்டு நாள் ஐசியூல வச்சா மேல போட்ட கணக்கு மொத்தமும் ஒரு பில்லுல போயிடும். இப்பவே அஞ்சு லட்சத்துக்கு ஒண்ணு எடுங்க. விபத்துக்கு முதல் நாள்லருந்து கவர், மத்த திடீர் நோய்க்கு 30 நாள் கழிச்சு, சுகர் சம்பந்தப்பட்டதுக்கு அதிகபட்சம் மூணு வருஷம் காத்திருக்கணும், அதனால சுகர மறைச்சு எடுக்கலாம்னு ஏஜெண்ட் யாராச்சும் சொன்னா ஆள மாத்துங்க. பிரீமியம் வருஷத்துக்கு இருபத்தஞ்சு முப்பதாயிரம் ஆகலாம், 2025 செப்டம்பர் 22லருந்து இதுக்கு ஜிஎஸ்டி இல்ல. இந்த வருஷ பிரீமியத்துக்கு அவர் தொடாம வச்சிருக்கற வட்டி இருக்கு, அடுத்த வருஷத்துலருந்து மத்த மூணு தவணை வட்டி சேந்தா 36,900, தாராளமா போதும்.

கார் இன்சூரன்ஸ் பத்தி என் சொந்தக் கதை ஒண்ணு. குன்னூர் ஏத்தத்துல குரங்கு வைப்பர பிடுங்கிடுச்சு, 2,800 ரூவாக்கு போய் கிளெய்ம் போட்டேன், 35 சதவீதத்துல இருந்த என்சிபி, அதான் கிளெய்ம் போடாதவங்களுக்கு பிரீமியத்துல குடுக்கற தள்ளுபடி, சைபர் ஆயிடுச்சு, அடுத்த வருஷ பிரீமியத்துல மூவாயிரத்துக்கு மேல கூட கட்டினேன். ஆலோசனை சொல்ற ஆளு பண்ற வேலையா இது? சின்ன கீறலுக்கெல்லாம் கைக்காசு போட்டுடுங்க.

பொங்கல் லீவு முடிஞ்சு அடுத்த வாரம், திங்கக்கிழமை கிளம்புங்க, ரூம் விலை இறங்கியிருக்கும். நீலகிரிக்கு இ-பாஸ் போட்டுக்குங்க, காசு இல்ல. தண்ணிக்கு சில்வர் பாட்டில், பிளாஸ்டிக் பாட்டில பிடிச்சா அபராதம். பந்திப்பூர் ரோடு ராத்திரி 9 மணிலருந்து காலைல 6 வரைக்கும் மூடிடுவாங்க, இது அப்பாக்கே தெரியும், 2009லருந்து அவர் லாரிய அங்க எத்தனை ராத்திரி நிறுத்தினாரோ.

அப்புறம், அவர் ஒரு இடத்துலயாச்சும் ஸ்டியரிங் கேப்பார், குடுக்காம இருக்க உங்களால முடியாது. அதனால இன்னிக்கே அவர் லைசென்ஸ எடுத்துப் பாருங்க. ஹெவி முடிஞ்சா போகட்டும், கார் ஓட்டறதுக்கு உள்ள தேதிய பாருங்க. அது முடிஞ்சு போன லைசென்ஸோட ஓட்டி வண்டி இடிச்சா நம்ம வண்டி டேமேஜுக்கு கம்பெனி காசு தராது. முடிஞ்சு ஒரு வருஷம் தாண்டலன்னா மெடிக்கல் சர்டிபிகேட்டோட புதுப்பிச்சுக்கலாம், தாண்டிட்டா மறுபடி டெஸ்ட் போடணும், இருபது வருஷத்துக்கு மேல லோடு அடிச்ச மனுஷன ஆர்டிஓ ஆபீஸ்ல ஓட்டிக் காட்டச் சொல்வாங்க, அதுக்கு அஞ்சு மாசம் போதும்.