அத்திவாரத்துக்கு இறக்கிய கருங்கல் கிரானைட்டா?

டிப்பரில் வந்த கல்லில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு ஓடுகிறது, இது கிரானைட்டா, தீப்பாறைகளை (உருகிய பாறைக் குழம்பு ஆறி இறுகிய கற்களை) எப்படி இனங்காண்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒரு கல்லைப் புதிதாக உடையுங்கள். வெளித்தோலை நம்ப வேண்டாம்; வெயிலும் மாரி மழையும் அதன் நிறத்தையே மாற்றியிருக்கும். உடைந்த முகத்தை நனைத்து, வெயிலில் மெல்லத் திருப்பி, கிரானைட்டில் இருக்கும் மூன்று கனிமங்களைத் தேடுங்கள். கண்ணாடிச் சில்லு போல, ஒழுங்கில்லாமல் உடைந்திருக்கும் சாம்பல் நிற மணி குவாட்ஸ். தட்டையாக, பளிச்சென்று மின்னி மறைவது பெல்ஸ்பார். நகத்தால் கிளறினால் ஏடு ஏடாக உரியும் கறுப்பு, மைக்கா.

அப்புறம் மணிகளின் அளவு. நிலத்துக்கடியில் மெல்ல ஆறிய குழம்பில் கண்ணுக்குத் தெரியும் மணிகள் வளரும். மேலே வந்து சட்டென்று ஆறினால் மணி தெரியாது. ஒரே சேர்மானத்துக்கு இரண்டு பெயர் வருவது இதனால்தான். சிலிக்கா (குவாட்ஸ் மணியில் இருக்கும் அதே பொருள்) சுமார் 70 சதவீதம் உள்ள குழம்பு ஆழத்தில் ஆறினால் கிரானைட், மேலே ஆறினால் ரயோலைட். சிலிக்கா 50 சதவீதமளவில் இருந்து இரும்பும் மக்னீசியமும் கூடினால் கல் கறுக்கும்: ஆழத்தில் கப்ரோ, மேலே பசால்ட். டயோரைட்டும் அண்டசைட்டும் இடைப்பட்டவை.

சரி, உங்கள் கல்? கிரானைட்டில் மணிகள் திசையில்லாமல் கலந்து கிடக்கும். கோடு ஓடினால் அது பெரும்பாலும் நைஸ், அதாவது நிலத்தடி வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறை. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் நிலத்தடியில் இருப்பது விஜயன் தொகுதி என்ற பாறைக் கூட்டம்; அதில் நைஸ்தான் அதிகம். கனிமங்கள் கிரானைட்டில் உள்ளவைதான் என்பதால் குழப்பம் வருவது இயல்பு. மைக்கா அடர்ந்த கோட்டில் பிளந்து வரும் துண்டுகளை மட்டும் ஒதுக்கிவிடுங்கள்.