சேதாரக் கணக்கு

அன்புள்ள அண்ணா,

வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். வயது 43. போன தை மாதம் 92 கிலோ இருந்தேன். சர்க்கரை எல்லையைத் தொட்டுவிட்டது என்று டாக்டர் சொன்னதும் பயம் வந்துவிட்டது. காலையில் காந்தி ஸ்டேடியத்தில் ஒரு மணி நேரம் நடை, ராத்திரி இரண்டே சப்பாத்தி என்று மாற்றிக்கொண்டேன். முதல் மாதமே 5 கிலோ இறங்கியது. ஐந்தாவது மாதம் 81. அதோடு சரி. எட்டு வாரமாக அதே 81. நடையை ஒன்றரை மணி நேரம் ஆக்கினேன். மூன்று வாரமாக ஜிம்முக்கும் போகிறேன். முள் அசையவில்லை. வீட்டில் "போதும் விடுங்க, முகமே ஒட்டிப்போச்சு" என்கிறார்கள். போன வாரம் பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டேன், ஆனால் எடை அதேதான். ராத்திரிச் சாப்பாட்டையே நிறுத்திவிடலாமா? நீங்களும் எடை குறைத்ததாக எழுதியிருந்ததால் கேட்கிறேன்.

ச., சேலம்

அன்புள்ள ச.,

நான் டாக்டர் இல்லை. ஏற்காட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறவன். 12 கிலோ குறைத்து, அதில் 4 கிலோவைத் திரும்ப வாங்கிக்கொண்டவன். என் பேச்சுக்கு அந்த அளவு மதிப்புக் கொடுத்தால் போதும்.

ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். காரணம் பிறகு சொல்கிறேன்.

பட்டறையில் வெள்ளியை நிறுத்துக் கொடுப்பீர்கள், கொலுசாக நிறுத்து வாங்குவீர்கள். நடுவில் குறைந்தது சேதாரம். அதற்கும் கணக்கு உண்டு. சாயங்காலம் கூட்டிய குப்பையைக்கூட நீங்கள் தெருவில் கொட்டுவதில்லை, அதிலும் வெள்ளி இருக்கிறது. அப்படிப்பட்ட மனிதர் தன் சாப்பாட்டைப் பற்றி எழுதும்போது "இரண்டே சப்பாத்தி" என்று முடித்துவிட்டீர்கள். சப்பாத்தி என்ன கனம், கல்லில் எவ்வளவு எண்ணெய் விட்டது, தொட்டுக்கொள்ள என்ன, காலையிலிருந்து சாயங்காலம் வரை வாயில் என்னவெல்லாம் போனது? கடிதத்தில் ஒன்றும் இல்லை.

குற்றம் சொல்லவில்லை. முதலில் உடம்பின் பக்கத்து நியாயத்தைக் கேளுங்கள். முதல் மாதம் போன 5 கிலோவில் நல்ல பங்கு தண்ணீர். உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு குறைந்ததும் அந்தச் சேமிப்பு கரையும், தண்ணீரும் சேர்ந்து இறங்கும். அந்த வேகம் தொடரவே தொடராது. அப்புறம், தை மாதம் ஸ்டேடியத்தில் நடந்தபோது 11 கிலோ அரிசி மூட்டையையும் சேர்த்துச் சுமந்து நடந்தீர்கள். இப்போது மூட்டை இல்லை, அதே ஐந்து கிலோமீட்டர் மலிவாகிவிட்டது. குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் தினச் செலவு 20 முதல் 30 கலோரி குறைகிறது, பசியோ கிலோவுக்குச் சுமார் 100 கலோரி கூடுகிறது என்று அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹாலும் அவருடன் இருந்தவர்களும் 2016-ல் கணக்கிட்டுச் சொன்னார்கள். உங்கள் 11 கிலோவுக்குப் பெருக்கிப் பாருங்கள். செலவில் 330 கலோரி வரை போய்விட்டது, வயிறு 1,100 கலோரி கூடுதலாகக் கேட்கிறது. எடை நின்றதில் அதிசயம் இல்லை. ஐந்து மாதம் அது இறங்கியதுதான் அதிசயம்.

வயிறு அப்படிக் கேட்கும்போது கை தானாக நீளும். நமக்கே தெரியாது. "என்ன செய்தாலும் குறையவில்லை, தினம் 1,200 கலோரிக்கு மேல் சாப்பிடுவதில்லை" என்று சொன்ன பத்துப் பேரை வைத்து 1992-ல் ஓர் ஆய்வு வந்தது. அவர்கள் உடம்பு எரிக்கும் அளவில் குறை எதுவும் இல்லை. சாப்பிட்டதில் 47 சதவீதத்தைக் குறைத்துச் சொல்லியிருந்தார்கள், உழைப்பை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். பொய் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார்கள். அதைப் படித்த அன்று எனக்குக் கோபம் வந்தது. ஏனென்றால் பதினோராவது ஆள் நான்.

என் எடை நின்றபோது நான் முதலில் செய்தது, ஒரு சென்டரில் பணம் கட்டி டப்பா டப்பாவாகப் பவுடர் குடித்தது. பெயர் வேண்டாம். பவுடரும் தீர்ந்தது, பணமும் தீர்ந்தது. அப்புறம் ஒருநாள் என் மனைவி மளிகைச் சீட்டைக் கொண்டுவந்து முன்னால் போட்டாள். இரண்டு பேருக்கு மாதம் 3 லிட்டர் கடலை எண்ணெய். தலைக்கு ஒன்றரை லிட்டர், நாளைக்கு 50 மில்லி. ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி, ஆக எண்ணெய் மட்டுமே தினம் 400 கலோரிக்கு மேல். நான் பொரித்ததைத் தொடுவதே இல்லை என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது! தாளிப்பில், தோசைக்கல்லில், பொரியலில் என்று தடமே இல்லாமல் உள்ளே போயிருக்கிறது. நீங்களும் உங்கள் வீட்டுச் சீட்டை எடுத்து வகுத்துப் பாருங்கள்.

பட்டறைக்கு டீ வருமில்லையா? நாளைக்கு ஐந்து டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 50 கிராம், 200 கலோரி. ஒரு மணி நேர நடையில் பெரும்பகுதி அதிலேயே கழிந்துவிடும். டீயோடு வரும் நொறுக்கலை நான் இன்னும் எண்ணவில்லை. வெள்ளி நிறுக்கும் தராசில் சாப்பாட்டை வைக்க வேண்டாம், வீட்டில் திட்டு விழும். சமையலறைத் தராசு ஒன்று வாங்கி இரண்டு வாரம் மட்டும் நிறுத்து, நோட்டில் எழுதுங்கள். எண்ணெய், கடலை, தேங்காய்ச் சட்னி இவற்றைக் கண்டிப்பாக. அதற்கு மேல் ஆயுள் முழுக்க நிறுக்கச் சொல்ல மாட்டேன், அது ஒரு வியாதியாகிவிடும்.

இப்போது ராத்திரிச் சாப்பாடு. 1944-45ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார்கள். நாளுக்குச் சுமார் 1,570 கலோரி, வாரம் 35 கிலோமீட்டர் நடை. எடையில் கால்வாசி போனது. கூடவே உடம்பு எரிக்கும் அளவு படுத்துவிட்டது, குளிர் தாங்கவில்லை, படியேறத் தெம்பில்லை, நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பு, சிலர் சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பித்தார்கள். முள்ளை நகர்த்தப் பட்டினி கிடந்தால் உடம்பும் தன் செலவைச் சுருக்கும், தசையையும் சேர்த்துக் கரைக்கும். ராத்திரி அந்தச் சப்பாத்தியோடு இரண்டு முட்டையோ ஒரு கிண்ணம் பயறோ சேருங்கள், எண்ணெயைக் குறையுங்கள். பசி அடங்கும்.

பெல்ட் விஷயத்தை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். புதிதாக எடை தூக்க ஆரம்பித்தால் வலித்த தசை சில வாரங்களுக்குத் தண்ணீரைப் பிடித்து வைக்கும். உள்ளே கொழுப்பு இறங்கினாலும் தராசு அதை மறைத்துவிடும். ஆகவே வாரம் ஒருநாள் தொப்புள் மட்டத்தில் நாடா வைத்து அளவெடுங்கள். இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குக் கீழே என்பது கணக்கு. சர்க்கரைக்குப் பயந்து ஆரம்பித்த உங்களுக்கு 81-ஐ விட இந்த எண்தான் பெரிது. எடையைத் தினம் பார்த்தே ஆகவேண்டுமென்றால் ஏழு நாள் சராசரியை எடுங்கள். கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்கு மறுநாள் ஒரு கிலோ கூடினால் அது உப்பும் தண்ணீரும்.

இரண்டு வாரம் நோட்டு சுத்தமாக இருந்தும் இடுப்பும் எடையும் இரண்டுமே நின்றால் டாக்டரைப் பாருங்கள். தைராய்டு பார்ப்பார்கள். மாத்திரை ஏதாவது சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள், சில மாத்திரைகள் எடை ஏற்றும். தீபாவளி ஆர்டருக்கு ராத்தூக்கம் கெட்டால் பசி இன்னும் கூடும், அது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

வீட்டில் "போதும்" என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு மாதம் 81-லேயே நிற்பது என்று நீங்களாகவே முடிவு செய்தாலும் நான் தப்பு சொல்ல மாட்டேன். நான் 4 கிலோவைத் திரும்ப வாங்கியது அப்படி நிற்கப் பழகாமல்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலே வாருங்கள். கிளியூர் அருவிப் படியில் சேர்ந்து இறங்கி ஏறுவோம். திரும்பி இறங்கும்போது கீழே சேலத்தில் ஒரு தட்டுவடை செட் என் செலவு. நோட்டை மட்டும் மறக்காமல் கொண்டுவாருங்கள், அதையும் எழுத வேண்டும்.