நார்ஃபோக் கிராமத் தேவாலயங்களுக்கு நுழைவுச் சீட்டு வேண்டுமா?

கேள்வி: நானும் என் மனைவியும் ஜூலையில் இங்கிலாந்தின் நாரிச் நகரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். சுற்றுவட்டாரத்தில் உள்ள பழைய கிராமத் தேவாலயங்களைப் பார்க்க ஆசை. நாங்கள் இந்துக்கள், உள்ளே விடுவார்களா? பெரும்பாலானவை பூட்டியே இருக்கும், முன்அனுமதியும் நுழைவுச் சீட்டும் வாங்கித் தருகிறேன் என்று இங்குள்ள பயண முகவர் ஒருவர் ஆளுக்கு 60 பவுண்டு கேட்கிறார். கொடுக்கலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: கொடுக்க வேண்டாம். இங்கிலாந்துத் திருச்சபையின் ஊர்த் தேவாலயத்துக்குள் நுழைய அனுமதியும் வேண்டாம், சீட்டும் வேண்டாம். நார்ஃபோக்கில் மட்டும் இடைக்காலத் தேவாலயங்கள் 600க்கு மேல் நிற்கின்றன. வாசலில் சீட்டுக் கிழிக்க ஆள் இருக்க மாட்டார்; பல நேரங்களில் உள்ளேயும் யாரும் இருக்க மாட்டார்கள். இல்லாத சீட்டை விற்பவருக்குப் பெயர் முகவர் அல்ல.

இத்தகைய முகவர்கள் பிடித்துக்கொள்ளும் ஒரு விதிவிலக்கு உண்டு. அதைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே, கேன்டர்பரி பேராலயம், ஈலி பேராலயம் போன்ற பெரிய இடங்களில் சுற்றிப் பார்க்க வருபவர்களிடம் கட்டணம் வாங்குகிறார்கள். அந்தச் சீட்டின் படத்தைக் காட்டி, எல்லாத் தேவாலயங்களுக்கும் இதுதான் வழக்கம் என்று நம்ப வைத்துவிடுவார்கள். அந்தப் பெரிய இடங்களில்கூட வழிபாட்டுக்கு வருபவரிடம் காசு கேட்பதில்லை. மாலை வழிபாட்டில் யார் வேண்டுமானாலும் அமைதியாக உட்காரலாம். உங்கள் மகள் இருக்கும் நாரிச்சின் பேராலயமோ கட்டணமே வைக்கவில்லை; விரும்பினால் காணிக்கை போடலாம். ஆக, கட்டணம் சில பெரிய ஆலயங்களின் வழக்கம். கிராமத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

மதம் பற்றிய கவலையை விடுங்கள். யாரும் கேட்க மாட்டார்கள். செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. சேற்றை மட்டும் வாசலில் தட்டிவிட்டுப் போங்கள். ஆண்கள் தொப்பியை எடுத்துவிடுவது மரியாதை. பலிபீடத்தின் முன் இருக்கும் கம்பித் தடுப்பைத் தாண்ட வேண்டாம். வழிபாடு நடக்காத நேரத்தில் படம் எடுக்கலாம்.

அடுத்து, பூட்டு. 'பூட்டியிருந்தது' என்று திரும்பி வருகிறவர்களில் பலர் கதவைச் சரியாகத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். கனமான ஓக் மரக் கதவில் ஓர் இரும்பு வளையம் தொங்கும். அதை நன்றாகத் திருப்பினால் உள்ளே தாழ் தூக்கும். பிறகு தோளால் தள்ளுங்கள். முகப்பு மண்டபத்தில் கம்பிவலைக் கதவும் இருக்கலாம். பறவைகள் உள்ளே புகுந்து, வெளியேற வழியின்றிச் செத்துப்போகாமல் இருக்கத்தான் அது. வந்தவுடன் சாத்துங்கள், போகும்போதும் சாத்துங்கள். உண்மையிலேயே பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்ற அறிவிப்பு மண்டபத்தில் ஒட்டியிருக்கும். அந்த எண்ணுக்குப் பேசுங்கள், மறுப்பவர்கள் அரிது.

பூட்டுவதற்குக் காரணமாகத் திருட்டைச் சொல்கிறார்கள். கூரை ஈயத் தகட்டை இரவில் உரித்துக்கொண்டு போகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் பகலில் கதவைப் பூட்டினால் இரவில் கூரை எப்படிப் பிழைக்கும்? தேவாலயங்களுக்குக் காப்பீடு செய்யும் நிறுவனமே பகலில் திறந்து வைக்கச் சொல்கிறது. இந்தக் கட்டடங்களைக் காப்பது அரசு என்று நம் ஊரில் நினைக்கிறோம். அந்தச் சுமை பெரும்பாலும் அந்தந்த ஊரின் சில முதியவர்கள் தலையில்தான் விழுகிறது. அவர்கள் கூரையைச் செப்பனிட்டால் அரசு 20 சதவீதம் வரி போடுகிறது. அந்த வரியைத் திருப்பித் தர 2001இல் தொடங்கிய திட்டத்துக்கும் 2025இல் ஓர் ஆலயத்துக்கு ஆண்டுக்கு 25,000 பவுண்டு என்று உச்சவரம்பு கட்டினார்கள்; 2026 மார்ச்சில் அந்தத் திட்டத்தையே முடித்துவிட்டார்கள். அறுநூறு ஆண்டுப் பழைய கூரை ஒன்றை முழுதாக மாற்ற ஆகும் செலவைப் பார்த்தவர் இப்படி ஒரு வரம்பை எழுதியிருக்க முடியாது. அந்த 60 பவுண்டில் பத்தை உண்டியலில் போட்டாலே அந்த ஊருக்குப் பெரிது.

எங்கே போகலாம்? ஒரு நாளைக்கு இரண்டு போதும். நாரிச்சுக்கு வடமேற்கே பக்கத்துப் பக்கத்து ஊர்களான காஸ்டனும் சாலும் முதல் நாளுக்கு. காஸ்டனில் அண்ணாந்து பார்க்க வேண்டும்: 15ஆம் நூற்றாண்டுக் கூரையில் மரத் தேவதூதர்கள் இறக்கை விரித்து நிற்கிறார்கள். சிறிய பைனாகுலர் கட்டாயம். சாலில் வீடுகள் கொஞ்சம்தான். தேவாலயமோ ஒரு நகரத்துக்குப் போதும். கம்பளி, துணி வணிகம் கொடுத்த பணத்தில் எழுந்தது அது. அங்குள்ள ஞானஸ்நானத் தொட்டியில் ஏழு திருவருட்சாதனங்களை (ஞானஸ்நானம், திருமணம் போன்ற கிறிஸ்தவப் புனிதச் சடங்குகளை) செதுக்கியிருக்கிறார்கள். அதன் உயரமான மர மூடி மேலிருந்து தொங்குகிறது. எட்டாம் ஹென்றியின் மனைவி ஆன் பொலின் இங்கே இரகசியமாகப் புதைக்கப்பட்டார் என்று வழிகாட்டி யாராவது கதை சொன்னால் நம்பாதீர்கள். அவர் கிடப்பது லண்டன் கோபுரக் கோட்டைக்குள் இருக்கும் சிற்றாலயத்தில். சாலின் தரையில் இருப்பது அவருடைய முன்னோர் ஜெஃப்ரி பொலினின் பித்தளைத் தகடு.

இன்னொரு நாள் ரான்வொர்த். புனிதர்களை வண்ணத்தில் தீட்டிய அதன் மரத் தடுப்பைப் பார்க்கத்தான் பலர் கடல் கடந்து வருகிறார்கள். பிற ஊர்கள் பலவற்றில், புனிதர் படங்களை எதிர்த்த மதச் சீர்திருத்தக்காரர்கள் முகங்களைச் சுரண்டிவிட்டார்கள். இங்கே பெரும்பகுதி தப்பியது. தெற்கே ஹேல்ஸ் கிராமத்தில் வைக்கோல் போன்ற நாணல் கூரையும் வட்டக் கோபுரமும். கோபுரம் ஏன் வட்டம்? இந்தப் பகுதியில் கிடைப்பது சிக்கிமுக்கிக் கல். மூலை கட்டச் செதுக்கிய கல் வெளியூரிலிருந்து வர வேண்டும். வட்டத்துக்கு மூலையே இல்லை. அறிஞர்களுக்குள் இதில் சண்டை உண்டு, அது உங்களுக்கு வேண்டாம். காலத்தை அறிய ஒரே குறிப்பு: வளைவு அரைவட்டமாக இருந்தால் ஏறத்தாழ 1200க்கு முன், கூர்முனையானால் பின், உயரமான ஜன்னலில் செங்குத்துச் சட்டங்கள் நேராக ஏறினால் 1350க்குப் பின்.

கிராமங்களுக்குப் பஸ் குறைவு, ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் இல்லை. மகளின் காரில் போங்கள். இந்திய உரிமத்தில் 12 மாதம் வரை நீங்களே ஓட்டலாம்; ஆனால் காரின் காப்பீட்டில் உங்கள் பெயர் சேர்ந்திருக்க வேண்டும். ஜூலை சனிக்கிழமைகளில் திருமணங்கள் நடக்கும், வார நாளே நல்லது.

முகவருக்கு ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால், எந்த ஆலயத்துக்கு, யார் கொடுத்த அனுமதி என்று எழுத்தில் கேளுங்கள். அவரால் எழுதித் தர முடியாது. அதைக் காட்டியே பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.